விடிகாலை பஸ் ஏறும் முன்: ஆய்வுக்கூட வேலைக்குப் புதிதாகப் போகும் தோட்டத்துப் பெண்களுக்கு

மலேசியாவில், கெடா மாநிலத்துப் பாடாங் செராயில் விடிகாலை ஐந்தரை மணிக்குத் தாமான் (குடியிருப்பு) முனையில் நின்று பாருங்கள். கழுத்தில் அடையாள அட்டையும் கையில் சாப்பாட்டு டப்பாவுமாக நாலைந்து பெண்கள் ஃபேக்டரி பஸ்சுக்குக் காத்திருப்பார்கள். நாற்பது வருஷத்துக்கு முன்னால் இதே நேரத்தில் அவர்களுடைய பாட்டிமார் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில், கிராணி (எழுத்தர்) வருகைப் பதிவுக்குப் பெயர் கூப்பிடுவதற்காக நின்றார்கள். இன்றைக்கு நிற்பவர்களில் ஒருத்தி மெஷின் ஆப்பரேட்டர், ஒருத்தி வேதியியல் பட்டதாரி, இன்னொருத்தி பொறியாளர். பஸ் கிளம்பி ஐந்து நிமிஷத்தில் மூவரும் தூங்கிவிடுவார்கள்.

இதை அந்தப் பட்டதாரிக்கும் பொறியாளருக்கும் எழுதுகிறேன். நான் இதே வட்டாரத்துத் தோட்டத்தில் பிறந்தவள். தமிழ்ப்பள்ளி, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம். தேர்வு, பிறகு வேதியியல் பட்டம். கூலிம் பக்கம் ஒரு தொழிற்சாலை ஆய்வுக்கூடத்தில் பதினான்கு வருஷம் ஆகிறது. நடுவில் இரண்டரை வருஷம் வேலையை விட்டேன், திரும்பி வந்தேன். பிள்ளைகள் இரண்டு. இந்தப் பதினான்கு வருஷத்தில் பெரும்பாலானவற்றைத் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். குழந்தை பிறந்தபின் விடுப்பு விதியைத் தேடினேன், உடம்புக்கு முடியாமல் போனபின் ரசாயனத் தாளைப் படித்தேன். நீங்கள் வரிசையை மாற்றுங்கள். தேவை வருவதற்கு முன்பே கேளுங்கள், கேட்டதை எழுத்தில் வாங்குங்கள். கீழே உள்ள படிகள் எல்லாமே இந்த ஒன்றைச் செய்யும் வழிகள்தான்.

படி 1: சம்பளத்தோடு சேர்த்து நேரத்தையும் பாருங்கள்

நம் ஊரைச் சுற்றி அறிவியல் படித்த பெண்ணுக்கு வேலை இல்லாமல் இல்லை. வேலைக்கு வேலை நாளின் வடிவம்தான் வேறுபடுகிறது.

1996இல் தொடங்கிய கூலிம் ஹைடெக் பார்க்கில் சில்லு, சோலார், மின்னணுத் தொழிற்சாலைகள் உண்டு. அங்கே ஆய்வுக்கூட வேலை என்றால் பெரும்பாலும் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், ஏழு முதல் ஏழு. அலவன்சோடு சேர்த்தால் சம்பளம் கைக்கு நிறைவாக வரும். பொறியாளருக்கு ‘ஆபீஸ் டைம்’ என்பார்கள், ஆனால் மெஷின் நின்றுவிட்டால் ராத்திரி இரண்டு மணிக்கும் போன் வரும். லூனாஸ் பக்கத்துக் கையுறைத் தொழிற்சாலைகளிலும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

செம்பனை ஆலை லேப் வீட்டுக்குப் பக்கம். எண்ணெயில் கொழுப்பு அமிலம் 5 விழுக்காட்டைத் தாண்டாமல் பார்ப்பதும், நாரிலும் கழிவுநீரிலும் எவ்வளவு எண்ணெய் வீணாகிறது என்று அளப்பதும் அன்றாட வேலை. காய் அதிகம் விழும் மாதங்களில் ஆலை ராத்திரியும் ஓடும், நீங்களும் ஓடவேண்டும். பதவி உயர்வுக்கு இடம் குறைவு. மோட்டாரில் பத்து நிமிஷத்தில் வீடு வந்துவிடலாம் என்பதற்காகவே பதினைந்து வருஷமாக அங்கே இருப்பவர்களை எனக்குத் தெரியும். அதைக் குறைவாக நினைக்காதீர்கள்.

பாங்கியில் உள்ள மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம், சுங்கை பூலோவில் உள்ள ரப்பர் ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் நேரம் ஒழுங்காக இருக்கும். ஆனால் அம்மா வீடு மூன்று நான்கு மணி நேரப் பயணத்தில் இருக்கும். குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கும் நாளில் அந்தத் தூரம் தெரியும்.

நான்காவது, பல்கலைக்கழகம். பினாங்கில் யு.எஸ்.எம்., பீடோங்கில் எய்ம்ஸ்ட். இங்கே ஒரு பொறி இருக்கிறது. முதுகலை அல்லது முனைவர் பட்ட மாணவியாக ஆய்வுக்கூடத்தில் நாளெல்லாம் வேலை செய்வீர்கள், மாதம் ஒரு தொகையும் வரும். அது உபகாரச் சம்பளமாக இருந்தால் சட்டத்தின் கண்ணில் நீங்கள் ஊழியர் இல்லை, மாணவி. பேறுகால விடுப்பு, வேலை நேர வரம்பு என்று கீழே நான் சொல்லப்போவது எதுவும் அப்படியே உங்களுக்குப் பொருந்தாது. மாணவிக்கு உள்ள வழி பருவத்தை ஒத்திவைப்பது. ஒத்திவைத்தால் உபகாரச் சம்பளம் தொடருமா, நிற்குமா, முடிக்கவேண்டிய காலக்கெடு நகருமா என்ற மூன்று கேள்விகளுக்கும் சேர்வதற்கு முன்பே பட்டமேற்படிப்பு அலுவலகத்திடமிருந்து மின்னஞ்சலில் பதில் வாங்கி வையுங்கள். பேராசிரியர் நல்லவராக இருப்பார், “அதெல்லாம் பார்த்துக்கலாம்” என்பார். அவர் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டால் யார் பார்ப்பார்கள்?

படி 2: கையெழுத்துப் போடும் முன்

வேலைக் கடிதத்தை வீட்டுக்குக் கொண்டு வந்து படியுங்கள். ‘இப்போதே கையெழுத்துப் போடுங்கள்’ என்று அவசரப்படுத்தும் இடத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது.

1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் திருத்தப்பட்டு 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. தீபகற்பத்தில் சம்பளம் எவ்வளவு என்றாலும் எல்லா ஊழியரும் அதன் கீழ் வருகிறார்கள். வாரத்துக்கு 48 மணி நேரமாக இருந்த வேலை 45 ஆகக் குறைந்தது. ஆனால் மாதம் 4,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் சம்பளம் வாங்குபவருக்கு ஓவர்டைம் பணத்தைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. இளம் பொறியாளர்கள் ஏமாறும் இடம் இது. ஆப்பரேட்டராக இருக்கும் சித்தி மகள் கூடுதல் நேரத்துக்குக் காசு வாங்குவாள், ‘எக்சிகியூட்டிவ்’ நீங்கள் சும்மா உட்கார்ந்திருப்பீர்கள். 4,200 வெள்ளி என்றதும் துள்ளிக் குதிக்காமல், மாதத்தில் எத்தனை நாள் ‘ஆன் கால்’ என்று கேளுங்கள்.

பயிற்சிக்கு வெளிநாடு அனுப்பினால் எத்தனை வருஷம் கட்டுப்பாடு, முன்பே விலகினால் எவ்வளவு திருப்பித் தரவேண்டும் என்பதையும் பாருங்கள். இரண்டு வருஷக் கட்டுப்பாடும் ஒரு கல்யாணமும் ஒரே நேரத்தில் வந்து மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

படி 3: ரசாயனத் தாளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இதற்குத்தான் நிறைய எழுதப் போகிறேன்.

அம்மா தோட்டத்தில் மருந்தடிக்கிற கேங்கில் இருந்தார். முதுகில் தோம்பு, காலில் ரப்பர் பூட்ஸ், முகத்தில் ஒரு துண்டு. தோம்பு கசிந்து சட்டை நனைந்தால் நனைந்தபடியே வீட்டுக்கு வருவார். அடித்தது பாராகுவாட். அந்த மருந்துக்கு மலேசியா 2002இல் தடை போட்டது, 2006இல் தளர்த்தியது, கடைசியாக 2020 ஜனவரி 1 முதல் முழுவதும் நிறுத்தியது. அம்மாவுக்கு அந்த டின்னில் என்ன எழுதியிருந்தது என்று தெரியாது. எழுதியிருந்தது ஆங்கிலத்தில். நான் வயிற்றில் இருந்தபோதும் ஆறாம் மாதம் வரை அடித்தார். நகம் கறுத்துப் போயிருந்ததை எனக்கு நினைவு தெரிந்த நாளில் பார்த்திருக்கிறேன்.

நமக்குப் படிக்கத் தெரியும், ஆனாலும் படிப்பதில்லை. நானே ஆறு வருஷம் படிக்கவில்லை.

ஒவ்வொரு ரசாயனத்துக்கும் பாதுகாப்புத் தரவுத் தாள் ஒன்று இருக்கும், ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் ‘எஸ்.டி.எஸ்.’ என்பார்கள். பதினாறு பகுதி கொண்டது. அதில் மூன்றைப் பாருங்கள். 2ஆம் பகுதியில் ஆபத்து என்ன என்றும், 8ஆம் பகுதியில் எந்தக் கையுறை, எவ்வளவு காற்றோட்டம் என்றும், 11ஆம் பகுதியில் உடம்புக்கு என்ன செய்யும் என்றும் இருக்கும். 2ஆம் பகுதியில் எச்360 என்ற குறி இருந்தால் கருவுறும் திறனையோ வயிற்றில் உள்ள சிசுவையோ பாதிக்கும் என்று பொருள். எச்361 என்றால் அப்படிச் சந்தேகம் இருக்கிறது. எச்362 என்றால் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குத் தீங்கு வரலாம். போத்தலில் நெஞ்சில் நட்சத்திரம் வெடித்த மாதிரி மனித உருவம் இருந்தால் உடனே தாளை எடுங்கள்.

சில்லுத் தொழிற்சாலையில் பூச்சை அகற்றப் பயன்படும் என்.எம்.பி. கரைப்பான் எச்360 வகை. டைமெத்தில் ஃபார்மமைடும் அப்படியே. எல்லா லேப்பிலும் சாதாரணமாகக் கிடக்கும் டொலுயீன் எச்361. பெயரைக் கேட்டுப் பயந்து ஓடத் தேவையில்லை. மூடிய புகைபோக்கிப் பெட்டிக்குள், சரியான கையுறையோடு செய்தால் உடம்புக்குள் போகும் அளவு மிகக் குறைவு. ‘சரியான’ என்ற சொல்லைக் கவனியுங்கள். மெல்லிய நைட்ரில் கையுறை வழியாக சில கரைப்பான்கள் நிமிஷக் கணக்கில் ஊடுருவிவிடும்.

நம் வழக்கம் ஒன்று இங்கே குறுக்கே நிற்கிறது. மூன்று மாதம் முடியும் வரை யாரிடமும் சொல்லாதே, கண்ணுபடும் என்பார் மாமியார். ஆனால் சிசுவின் உறுப்புகள் உருவாவது மூன்றாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரத்துக்குள். நாம் சொல்லாமல் ஒளித்து வைக்கும் காலமும் ரசாயனம் அதிகம் தீங்கு செய்யக்கூடிய காலமும் ஒன்றாக விழுகின்றன. மாமியாரோடு சண்டை வேண்டாம். ஊருக்குச் சொல்லவேண்டாம், ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள்: பாதுகாப்பு அதிகாரி அல்லது கம்பெனி கிளினிக் மருத்துவர். “இன்னும் வெளியே தெரியக்கூடாது, வேலையை மட்டும் மாற்றித் தாருங்கள்” என்று கேட்கலாம். நான் இரண்டாவது குழந்தைக்கு அப்படித்தான் செய்தேன். ஐந்தாவது வாரத்திலிருந்து அறிக்கை வேலைக்கு மாறினேன், கூட இருந்தவர்கள் ஏதோ ஆடிட் வேலை என்று நினைத்தார்கள்.

இது உங்கள்மேல் காட்டும் கருணை இல்லை. அபாயகரமான ரசாயனங்கள் பற்றிய 2000ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, கர்ப்பிணியையோ தாய்ப்பால் கொடுப்பவரையோ அந்த வேலையிலிருந்து விலக்கவேண்டும் என்று மருத்துவர் சான்றளித்தால் முதலாளி விலக்கியே ஆகவேண்டும். கதிர்வீச்சுக் கருவிகளோடு வேலை என்றால், கர்ப்பம் தெரிவித்த பிறகு சிசுவுக்குச் சேரும் அளவு 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டக்கூடாது. சாதாரண கதிர்வீச்சு ஊழியருக்கு ஆண்டுக்கு 20. வித்தியாசத்தைப் பாருங்கள்.

கல்யாணம் பேசும்போதே, ஏன் அதற்கு முன்பே கூட, நீங்கள் தொடும் ரசாயனங்களின் பட்டியலை ஒரு தாளில் எழுதி எச் எண்களைப் பக்கத்தில் குறித்து வையுங்கள். ஒரு மதியம் போதும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் கேட்டால் ஆர்வமாகப் பார்ப்பார்கள். கர்ப்பமான பிறகு கேட்டால் ‘இவளுக்கு என்ன பிரச்சினை’ என்று பார்ப்பார்கள்.

படி 4: பேறுகாலத்தை நாள்காட்டியில் எண்ணுங்கள்

பேறுகால விடுப்பு 98 நாள். முன்பு 60. பிரசவத் தேதிக்கு 30 நாளுக்கு முன்னதாக ஆரம்பிக்க முடியாது. சம்பளத்தோடு கிடைக்க, பிரசவத்துக்கு முந்தைய ஒன்பது மாதத்தில் அதே முதலாளியிடம் குறைந்தது 90 நாள் வேலை செய்திருக்க வேண்டும். வேலை மாற நினைப்பவர்கள் இந்தக் கணக்கை முதலில் போடுங்கள்.

22 வாரத்துக்கு முன் கரு கலைந்தால் அது சட்டப்படி பேறுகாலம் ஆகாது, மருத்துவ விடுப்பில்தான் ஓய்வெடுக்க வேண்டும். இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மருத்துவ விடுப்புக்கு அப்பால், மருத்துவமனையில் சேர்ந்தால் தனியாக 60 நாள் வரை உண்டு. மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

கணவருக்குத் தொடர்ச்சியாக 7 நாள். அவர் அந்த முதலாளியிடம் 12 மாதம் முடித்திருக்கவேண்டும், பிரசவத்துக்கு 30 நாள் முன்பே சொல்லவேண்டும். நம் ஆண்கள் இதைக் கேட்க வெட்கப்படுகிறார்கள். படிவத்தை நீங்களே நிரப்பிக் கையில் கொடுங்கள்.

கர்ப்பமாக இருக்கும் பெண்ணை வேலையிலிருந்து நீக்க முடியாது. ஒழுங்கீனம், ஒப்பந்த மீறல், நிறுவனம் மூடுதல் மட்டும் விதிவிலக்கு. நீக்கியது கர்ப்பத்துக்காக இல்லை என்று நிரூபிப்பது முதலாளியின் பொறுப்பு. சிக்கல் வந்தால் போகவேண்டிய இடம் ஜபாத்தான் தெனாகா கெர்ஜா, நம் பெரியவர்கள் ‘லேபர் ஆபிஸ்’ என்பார்களே, அதுதான்.

விடுப்புக்குப் போகும் முன் வேலையை ஒப்படைக்கும் குறிப்பு ஒன்று எழுதுங்கள். எந்தக் கருவி எப்போது அளவு சரிபார்க்கவேண்டும், எந்த மாதிரி எங்கே இருக்கிறது, யாருக்கு அறிக்கை போகவேண்டும். கீழே உங்கள் பெயரும் தேதியும். பச்சை உடம்போடு படுத்திருக்கும்போது போன் வராமல் இருப்பதற்காகத்தான் இது என்று நினைத்தேன். திரும்பி வந்தபோதுதான் இன்னொரு பயன் தெரிந்தது: அந்தக் கருவி என் பொறுப்பு என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே சான்று அந்தத் தாள்.

படி 5: ஆயாக் கொட்டகை இப்போது எங்கே?

தோட்டத்தைப் பற்றி ஏக்கமாகப் பேசுவது எனக்குப் பிடிக்காது. லயத்தின் ஒழுகும் கூரையும் கங்காணி வாயும் தெரிந்தவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள். ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். தோட்டத்தில் ஆயாக் கொட்டகை இருந்தது. விடியுமுன் ரப்பர் பால்வெட்டப் போகும் தாய், தூங்கும் பிள்ளையை அப்படியே தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைத்துவிட்டுப் போவாள். ஆயா ஒருத்திதான், வசதி குறைவுதான், தொட்டில் சேலைத் தொட்டில்தான். இருந்தாலும் தாயின் வேலை நேரம் எப்போது தொடங்கியதோ அப்போதே கொட்டகையும் திறந்தது. இன்று தாமானில் உள்ள தாஸ்காக்கள் (குழந்தைக் காப்பகங்கள்) ஏழு மணிக்குத் திறந்து ஆறரைக்கு மூடுகின்றன. ஷிப்ட் ஏழு முதல் ஏழு. பஸ் நேரத்தையும் சேர்த்தால் நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விழும், அந்த இடைவெளியில்தான் நம் பெண்களின் வேலை போகிறது.

பிள்ளை பிறப்பதற்கு முன்பே இடம் பாருங்கள். நான்கு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சமூகநலத் துறையில் பதிந்த தாஸ்கா. பதிவுச் சான்றிதழ் சுவரில் தொங்கவேண்டும். ஒரு வயதுக்குக் கீழ் மூன்று குழந்தைக்கு ஒரு பராமரிப்பாளர், ஒன்று முதல் மூன்று வயதுவரை ஐந்துக்கு ஒருவர். மதியம் இரண்டு மணிக்குச் சொல்லாமல் போய்ப் பாருங்கள், காலையில் எல்லா இடமும் அழகாகத்தான் இருக்கும்.

பக்கத்து வீட்டு அக்கா நான்கு பேருக்குக் குறைவான பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதற்குப் பதிவு தேவையில்லை. நேரத்தில் நெகிழ்வு கிடைக்கும். ஆனால் பிள்ளைப் பராமரிப்புக் கட்டணத்துக்கு வருமான வரியில் கிடைக்கும் 3,000 வெள்ளிக் கழிவு பதிந்த இடங்களுக்கு மட்டும். நான் இரண்டையும் கலந்து பார்த்தேன். பகலில் தாஸ்கா, காலையிலும் மாலையிலும் ஒரு மணி நேரம் அக்கா வீடு. செலவு கூடுதல். முதல் வருஷம் என் சம்பளத்தில் பாதி அதற்கே போனது. மாமியார், “இதுக்கு நீ வீட்டுலயே இருக்கலாமே” என்றார். கணக்கு சரி. ஆனால் அது ஒரு வருஷக் கணக்கு. சேமநிதியும் பதவி உயர்வும் சேர்ந்தால் பத்து வருஷக் கணக்கு வேறு மாதிரி வரும்.

தாய்ப்பால் எடுக்கும் கருவிக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை 1,000 வெள்ளி வரை வரிக்கழிவு உண்டு, ரசீதை வைத்திருங்கள். எடுத்த பால் குளுகுளு அறையில் 4 மணி நேரம் தாங்கும், ஃபிரிட்ஜில் 4 நாள். ஐஸ் கட்டியோடு பை கொண்டு போங்கள். ஆய்வுக்கூட ஃபிரிட்ஜில் மட்டும் வைக்கவே வேண்டாம். சிரிக்காதீர்கள், வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

படி 6: நேரத்தை மாற்றக் கேளுங்கள்

திருத்தப்பட்ட வேலைவாய்ப்புச் சட்டத்தில் 60பி (60P), 60கியூ (60Q) என்று இரண்டு பிரிவுகள். வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி ஊழியர் எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும். மறுத்தால் காரணம் சொல்லவேண்டும். கட்டாயம் தரவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அதனால் கடிதம் எழுதும் விதம் முக்கியம்.

என் முதல் கடிதத்தில் பிள்ளை, காய்ச்சல், மாமியார் முட்டிவலி எல்லாம் எழுதினேன். மறுத்துவிட்டார்கள். இரண்டாவதில் குடும்பத்தைப் பற்றி ஒரு வரிதான். மீதியெல்லாம் வேலை. மாதிரிகள் காலை எட்டு முதல் மூன்று வரைதான் வருகின்றன, அதனால் ஆய்வை அந்த நேரத்தில் முடிக்கிறேன். தரவு ஆய்வும் அறிக்கையும் வாரம் ஒரு நாள் வீட்டிலிருந்து. மூன்று மாதம் செய்து பார்ப்போம், அறிக்கை தாமதமானால் பழைய நேரத்துக்குத் திரும்புகிறேன். இந்தக் கடைசி வரிதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். மேலாளருக்கும் மேலே யாரிடமாவது பதில் சொல்லவேண்டும் அல்லவா.

படி 7: உங்கள் வேலை உங்கள் பெயரில் தெரியட்டும்

தமிழ்ப்பள்ளியில் தமிழ், இடைநிலைப்பள்ளியில் மலாய், ஆய்வுக்கூடத்தில் ஆங்கிலம். மூன்று மொழி தெரியும் என்று பெருமைப்படவேண்டிய நாம் மீட்டிங்கில் வாயை மூடிக்கொண்டு உட்காருகிறோம். நாம் கண்டுபிடித்ததைப் பக்கத்தில் இருப்பவர் சரளமாகச் சொல்லிவிட்டுப் போகிறார். எனக்கு இது மூன்று முறை நடந்தது. பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மேலாளருக்கு ஐந்து வரி மின்னஞ்சல்: இந்த வாரம் என்ன செய்தேன், என்ன எண் கிடைத்தது, அடுத்த வாரம் என்ன. ஆங்கிலம் தடுமாறினாலும் எண் தடுமாறாது. வருஷ மதிப்பீட்டுக்கு ஐம்பது மின்னஞ்சல் கையில் இருக்கும்.

வழிகாட்டியாக ஒருவரைத் தேடும்போது உச்சியில் இருப்பவரைத் தேடாதீர்கள். உங்களைவிட ஐந்து வருஷம் முன்னால் இருப்பவர் போதும். எந்த பஸ், எந்த தாஸ்கா, எந்த மேலாளர் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

உச்சியில் இருப்பவர்களைத் தெரிந்து வைத்துக்கொள்வதற்குக் காரணம் வேறு. 1981இல் கெமரூனிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து விடும் வரை, செம்பனைப் பூவுக்கு மகரந்தம் தூவும் வேலையைப் பல தோட்டங்களில் மனிதக் கைகளே செய்தன. தோட்டத்துப் பெண்களின் கைகள் அதில் நிறைய. அந்தக் கைகளுக்கு யாரும் அறிவியல் என்று பெயர் வைக்கவில்லை. 2013இல் அதே செம்பனையின் மரபணுத் தொகுதியும், ஓட்டின் தடிப்பைத் தீர்மானிக்கும் மரபணுவும் நேச்சர் இதழில் வெளியானபோது, செம்பனை வாரியத்தில் அந்த ஆய்வை வழிநடத்தியவர்களில் ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி ஒருவர். உயிரித் தொழில்நுட்பத்தைப் பொதுமக்களுக்குக் கொண்டு சேர்க்கும் மகாலெட்சுமி அருஜனன் இன்னொருவர். இந்தப் பெயர்களை மகளிடம் சொல்லுங்கள், மாமியாரிடமும் சொல்லுங்கள்.

ஆய்வுத் துறையில் இருப்பவர்கள் லோரியல்–யுனெஸ்கோ பெண் விஞ்ஞானிகள் நல்கையின் மலேசியப் பிரிவையும், மலேசிய அறிவியல் கழகத்தின் இளம் விஞ்ஞானிகள் அமைப்பையும் கவனித்துக்கொண்டிருங்கள்.

படி 8: வீட்டில் பேசவேண்டியது, வேலையிடத்தில் பொறுக்கக்கூடாதது

ராத்திரி ஷிப்ட் என்றால் ஊர் வாய் திறக்கும். பெண்கள் இரவில் தொழிற்சாலையில் வேலை செய்யச் சட்டத்தில் இருந்த தடை 2023இல் நீங்கியது, ஊர் வாய்க்கு அப்படி ஒரு திருத்தம் வரவில்லை. பெண் பார்க்க வரும்போதே ஷிப்ட் அட்டவணையைக் காட்டிவிட்ட தோழி ஒருத்தி இருக்கிறாள். இரண்டு வரன் போனது. மூன்றாமவர், “ராத்திரி வேலைன்னா பகல்ல எப்போ தூங்குவீங்க?” என்று கேட்டாராம். அவரையே கட்டிக்கொண்டாள்.

பாலியல் தொல்லைக்கு எதிரான அறிவிப்பு வேலையிடத்தில் எல்லாருக்கும் தெரியும்படி ஒட்டியிருக்கவேண்டும். முதல் வாரத்திலேயே அது எங்கே என்று பாருங்கள். 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே முறையிடலாம், 250,000 வெள்ளி வரை இழப்பீடு வழங்க அதற்கு அதிகாரம் உண்டு. நடந்த தேதி, நேரம், சொன்ன சொல் மூன்றையும் அன்றைக்கே எழுதி வையுங்கள்.

படி 9: நிறுத்தத்தான் வேண்டும் என்றால்

நிறுத்துவது தோல்வி இல்லை, நானும் நிறுத்தினேன். நிறுத்தும்போது செய்யத் தவறியதைச் சொல்கிறேன்: பதிவை விட்டுவிட்டேன். 1975ஆம் ஆண்டு வேதியியலாளர் சட்டப்படி இங்கே வேதியியலாளராகத் தொழில் செய்ய மலேசிய வேதியியல் கழகத்தில் பதிவு வேண்டும். வருஷச் சந்தாவைக் கட்டாமல் விட்டு, திரும்பும்போது அலைந்தேன். பொறியாளர்களுக்கு அவர்களுடைய வாரியத்தில் இதே கதை. வீட்டில் இருந்தாலும் சந்தாவைக் கட்டுங்கள்.

வீட்டில் இருக்கும் காலத்துக்கு, சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் இல்லத்தரசிகள் திட்டம் உண்டு, வருஷத்துக்கு 120 வெள்ளி. இரண்டு வருஷத்துக்கு மேல் விட்டுத் திரும்புகிறீர்கள் என்றால் அரசு நிறுவனமான டேலண்ட்கார்ப்பின் ‘கெரியர் கம்பேக்’ திட்டம் வழியாக 12 மாதம் வரை வருமானவரி விலக்குக்கு விண்ணப்பிக்கலாம். நிபந்தனைகளை வேலையில் சேர்வதற்கு முன்பே பாருங்கள்.

ரெஸ்யூமேயில் இடைவெளியை மறைக்காதீர்கள். ‘2 ஆண்டு 6 மாதம், குழந்தை வளர்ப்பு’ என்று ஒரே வரியில் போட்டேன். நேர்முகத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை. புதிய கருவி ஒன்றைத் தெரியுமா என்றுதான் கேட்டார்கள். தெரியாது என்றேன், எத்தனை நாளில் கற்றுக்கொள்வேன் என்று சொன்னேன்.

முதல் நாள் காலை

கிளீன் ரூம் வேலை என்றால் பவுடர், மை, உதட்டுச் சாயம், தலையில் பூ எதுவும் கூடாது. விபூதியும் கூடாது, அது தூசு. முகத்தை நன்றாகக் கழுவிவிட்டுத்தான் உடை மாற்றும் அறைக்குள் விடுவார்கள். அம்மா வாசலில் நின்று நெற்றியில் பூசிவிட்டால் மறுக்காதீர்கள், பஸ்சில் ஈரத்துண்டால் துடைத்துக்கொள்ளலாம். தாலிக்கு ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு விதி, முன்பே கேளுங்கள். வளையலைக் கழற்றித்தான் ஆகவேண்டும். மூடிய காலணி, உள்ளே குளிர் என்பதால் முழுக்கைச் சட்டை. பஸ் அட்டவணையில் 5.40 என்று இருக்கும், 5.30க்கே வந்துவிடும், ஐந்து நிமிஷம்தான் நிற்கும். ஜன்னல் பக்கம் உட்காராதீர்கள், ஏர்கான் தண்ணீர் சொட்டும்.